வடிவின் பன்னிரண்டாவது காலடி

உடையடிவிளையில் இரண்டு பேர் சேர்ந்து தேரிக்குள் போனால் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போவார்கள், நூறு பேர் போனாலும் அப்படித்தான், முன்னால் போகிறவர் எங்கே கால் வைத்தாரோ அங்கேயேதான் பின்னால் வருகிறவரும் வைக்க வேண்டும், அவர் வைத்த இடத்தில்தான் அவருக்கு அடுத்தவர், இப்படி ஊரே நடந்து போன பிறகு திரும்பிப் பார்த்தால் யாரோ ஒருத்தர் மட்டும், கொஞ்சம் கனத்த உடம்புக்காரர், தனியாகப் போனது போலத் தெரியும். அயலூர்க்காரர்கள் எங்களை எறும்புக் கூட்டம் என்று கேலி செய்வார்கள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். நாங்களும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு விட்டுவிடுவோம், ஏனென்றால் அவர்கள் ஊரில் மண் ஓடாது, எங்கள் ஊரில் ஓடும்.

ஊருக்கு மேற்கே மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற சிவப்பு மணலைத்தான் தேரி என்கிறோம். மிளகாய்ப் பொடியைவிடக் கொஞ்சம் பருமன், அவ்வளவுதான் அந்த மணல், ஆனியிலும் ஆடியிலும் மேற்கேயிருந்து கச்சான் காற்று கிளம்பினால் ஒரே பகலில் ஒரு மேட்டைத் தூக்கி அடுத்த ஊரில் வைத்துவிடும். அதைப் பிடித்து நிறுத்தியிருப்பது பனை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பனையும் இல்லை, முந்திரி என்று மற்றவர்கள் சொல்கிற கொல்லாமரமும் இல்லை, உடைமரமும் இல்லை, மணலுக்கு மேல் தட்டியிருக்கிற பொருக்குதான். புண் ஆறும்போது மேலே காய்ந்து மூடுமே, அதற்கு வைத்த பெயரையேதான் இதற்கும் வைத்திருக்கிறோம். கறுப்பாக, சொரசொரப்பாக, அப்பளத்தைவிடச் சற்றே தடிமனாக இருக்கும், வெயில் காலம் முழுக்கச் செத்தது மாதிரிக் கிடக்கும், ஐப்பசியில் முதல் தூற்றல் விழுந்த கால் மணி நேரத்தில் பச்சையாகி, மூச்சை உள்ளே இழுத்தது போல லேசாக உப்பும். கண்ணுக்குத் தெரியாத பாசியும் பூஞ்சையும் நூல் நூலாக ஓடி மணலைக் கட்டி வைத்திருக்கிறது என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொன்னார். அவர் சொல்வதற்கு முன்னாலேயே அது உயிரோடு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். ஒரு காலடி பட்டால் உடையும், உடைந்த இடத்தில் சிவப்பு தெரியும், அந்தச் சிவப்பில் காற்று விரலை விட்டு நோண்டும், நோண்டி நோண்டிப் பக்கத்துப் பொருக்கையும் பெயர்க்கும். அந்த ஒற்றைக் காலடி மறுபடி மூடுவதற்குப் பாதி ஆயுசு ஆகும். அதனால் தடத்தைவிட்டு யார் கால் இறங்கினாலும் அந்த வீட்டார் போய் ஒவ்வொரு அடியின் மேலும் ஒரு பனையோலையைப் போட்டு, நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு வர வேண்டும். இது எங்கள் வழக்கம், இதை விட்டதும் நாங்கள்தான்.

வடிவுக்கு ஏழு வயது நடந்த பங்குனி உத்திரத்தன்று ஊர் முழுக்கச் சாஸ்தா கோயிலுக்குப் போனது. கோயில் தேரிக்கு நடுவில், ஒரு சுனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. லிங்கக்கனி பொங்கல் பானையைத் தலையில் வைத்து முன்னால் நடக்க, அவளுக்குப் பின்னால் மகள் வடிவு, வடிவுக்குப் பின்னால் அவள் வயதுத் தோழி, பக்கத்து வீட்டு இந்திரகனி, அதற்குப் பின்னால் நாங்கள் எல்லோரும். லிங்கக்கனியின் புருஷன் தவசிமுத்து பம்பாயில் பலசரக்குக் கடையில் வேலை பார்த்தான், அதனால் வரிசையில் இல்லை. பிள்ளையின் கால் எட்ட வேண்டுமே என்று லிங்கக்கனி எட்டைக் குறுக்கி வைத்துத்தான் நடந்தாள், அதை நாங்கள் பார்த்தோம், அதையும் சொல்ல வேண்டும். பாதி வழியில் ஒரு கொல்லாமரத்தடியில், தடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, மஞ்சளாக ஒரு கொல்லாம்பழம் விழுந்து கிடந்தது. வடிவு பார்த்தாள், இறங்கினாள், ஓடினாள். பதினோரு காலடி. பழத்தை எடுத்தவள், வளர்ப்பு அப்படி, போன அடிகளிலேயே ஒன்று தவறாமல் மிதித்துத் திரும்பி வந்தாள், புதிதாக ஒன்றுகூட உடைக்கவில்லை என்கிற பெருமையில் சிரித்துக்கொண்டே வந்து தன் இடத்தில் நின்றாள்.

லிங்கக்கனி பானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு திரும்பினாள், மறு கையால் ஓர் அறை விட்டாள். பழம் மணலில் விழுந்தது.

“கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு? மண்ணுத் தோல உரிச்சுட்டு வந்து சிரிக்கியோ? ஏட்டி, எறங்கினவ அப்பிடியே போ. எனக்குப் பொறத்தால வராத.”

எல்லாத் தாயும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வதுதான். வரிசையில் நின்ற நாங்கள் அத்தனை பேரும் கேட்டோம், கோயில் போய்ச் சேர்வதற்குள் அத்தனை பேரும் மறந்துவிட்டோம். நாலாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது, ஏழாம் நாள் டவுனிலிருந்து வேனில் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். அந்த அறையின் தடம் கன்னத்தில் இருக்கிறதா என்று லிங்கக்கனி திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் இல்லை, கன்னம் வழுவழுவென்றுதான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அந்த வீட்டில் யாருக்கும் கை ஓடாது என்று இந்திரகனியின் அம்மா தானே பதினோரு ஓலையை வெட்டிக்கொண்டு வடிவின் காலடிகளை மூடப் போனாள். ஓலை ஒன்று குறைந்தது. இரண்டு முறை எண்ணினாள், பிறகு ஓலைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“லிங்கக்கனி, ஒன் மவ இன்னும் ஒரு எட்டு வச்சிருக்காட்டி.”

லிங்கக்கனி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள், முறத்தைக் கீழே வைக்கவில்லை.

“எந்தப் பக்கமா?”

“மேக்க.”

“ஊரப் பாத்து இல்லியா?”

“இல்லட்டி. மேக்கதான்.”

மறுநாள் பதின்மூன்று இருந்தது, அதற்கு மறுநாள் பதினான்கு. ஒரு நாளைக்கு ஓரடி, இடது, வலது, இடது, வலது, பெருவிரல் கொஞ்சம் விலகிய அந்தச் சின்னக் கால் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு முறை பொருக்கை உடைத்துப் பதிந்து மேற்கே மேற்கே போய்க்கொண்டிருந்தது. முதல் வாரம் நாங்கள் பயந்தோம், இரண்டாம் வாரம் பேசினோம், மூன்றாம் வாரம் முதல் காலையில் பால் கறந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வருவது எங்களுக்குப் பல் தேய்ப்பது போல ஆகிவிட்டது. இந்திரகனியின் அம்மா போட்ட ஓலைகளையும் எடுத்துவிட்டோம். பிள்ளையின் காலை மூடி வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எங்களுக்கு இயல்பாகத்தான் பட்டது. டீச்சர் வருகைப் பதிவேட்டில் வடிவின் பெயரை அடிக்கவில்லை, அன்றைய அடி விழுந்ததா என்று வகுப்பில் கேட்பார், விழுந்தது என்று பிள்ளைகள் சொன்னால் உள்ளேன் என்று போடுவார், அப்படியே அவளை ஐந்தாம் வகுப்புவரை பாஸ் பண்ணியும் விட்டார். இரண்டாம் வருஷம் கால் பெரிதாகியிருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் டவுனில் செருப்புக்கடை வைத்திருந்த சைமன். ஈர்க்குச்சியால் அளந்து பார்த்து, போன பங்குனிக்கு இப்போது அரை விரல்கடை கூடியிருக்கிறது என்றார்.

“நான் வேதக்காரன், பேய் பிசாசெல்லாம் நம்ப மாட்டேன்” என்று தேரியில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். “ஆனா கால் வளருதத நம்பாம எப்பிடி? இந்த வயசுக்கு இதுதான் அளவு. பிள்ளைக்கு நல்ல வளத்தி இருக்கு.”

இந்திரகனியை அழைத்துப் போய்ப் பக்கத்தில் கால் வைக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பார்ப்போம், வடிவின் கால் எப்போதும் அவளுடையதைவிட ஒரு நெல் கூடுதலாக இருக்கும், இந்திரகனியின் அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. தவசிமுத்து பம்பாயிலிருந்து வந்தபோது நேராகப் பஸ்ஸிலிருந்து தேரிக்குத்தான் போனான், பையைத் தோளிலிருந்து இறக்காமல் அன்றைய காலடிக்கு முன்னால் குத்தவைத்து, எங்க அம்மா கால் மாதிரியே இருக்கு, எங்க அம்மா கால் மாதிரியே இருக்கு என்று சொல்லிச் சொல்லி அழுதான். ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசை அங்கே வைத்துவிட்டு வந்தான். கொலுசு அப்படியே கிடந்தது, காலடி அதைத் தாண்டிப் போய்விட்டது.

போகாதவள் ஒருத்திதான். லிங்கக்கனி தினமும் தடத்தில் நடந்து கொல்லாமரம்வரை வருவாள், வந்து நிற்பாள், தடத்தைவிட்டு ஒரு விரல்கூட இறங்க மாட்டாள். அடிகள் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்தவரை அங்கிருந்தே பார்த்தாள். அவை மேட்டைத் தாண்டி மறைந்த பிறகு, பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களிடம் கேட்பாள்.

“இன்னைக்கு எங்கன வச்சிருக்கா?”

நாங்கள் சொல்வோம். அவள் தலையை ஆட்டிக்கொள்வாள். நெஞ்சழுத்தக்காரி என்று எங்களில் சிலர் பேசினோம், பெற்ற பிள்ளையின் காலடியைப் பார்க்கக்கூட வராத தாய் உண்டா என்றோம். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது, ஏனென்றால் நாங்கள் எல்லோரும் அந்தக் காலடிகளுக்குப் பக்கத்தில்தான் நடந்துகொண்டிருந்தோம். பிள்ளையின் அடியை மிதிக்கக் கூடாது என்று இடப்பக்கம் ஒரு கூட்டம், வலப்பக்கம் ஒரு கூட்டம். யார் முன்னால், யார் பின்னால் என்பதெல்லாம் போயிற்று. அயலூர்களிலிருந்து பிள்ளை வரம் கேட்டு வந்தார்கள், அவர்களுக்குப் பொருக்கு என்றால் என்னவென்றே தெரியாது, நாங்களும் சொல்லவில்லை, சாமியைப் பார்க்க வந்தவர்களைக் காலைப் பார்த்து நட என்று எப்படிச் சொல்வது? வடிவின் காலடி ஒரு முழத்துக்கு ஒன்று, எங்களுடையது சந்தை. நான்கு வருஷத்தில் அவள் போன வழியின் இருபுறமும் கறுப்பே இல்லாமல், வண்டிப்பாதை அகலத்துக்குச் சிவந்து கிடந்தது.

ஆறாவது வருஷம் மாசியில் ஒரு நாள் புது அடி விழவில்லை. மறுநாளும் இல்லை, ஐந்தாம் நாளும் இல்லை. ஊர்த்தலைவர் வைகுண்டமணி, அவர் மட்டும் கொஞ்ச நாளாக மண்ணைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார், பிள்ளை ஒருவழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று சாஸ்தாவுக்குத் தேங்காய் உடைத்தார். பெண்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை நடமாடாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஆம்பளைகளுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பதினாறு நாள் எண்ணினார்கள். பதினேழாம் நாள் காலையில் இடது கால் பதிந்திருந்தது.

அந்தச் சடங்கைப் போல இன்னொன்று எங்கள் ஊரில் நடந்ததில்லை. தாய்மாமன் தூத்துக்குடியிலிருந்து பட்டுப்பாவாடையும் பித்தளைத் தாம்பாளமுமாக இரண்டு வேன் நிறைய ஆட்களோடு வந்தார், வேன்கள் தேரியின் மேலேயே ஏறி வந்தன. கடைசிக் காலடிக்கு மேல் பந்தல் போட்டோம், பந்தல் காலுக்குக் குழி தோண்டினோம், ஜெனரேட்டர் வைத்தோம், ரேடியோ செட் கட்டினோம், ஐந்நூறு பேர் மணலில் பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டோம், அந்த ஒற்றைக் காலடிக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினோம். லிங்கக்கனி அன்றைக்கும் கொல்லாமரத்தருகே தடத்தில்தான் நின்றாள், கையில் ஒரு கிண்ணத்தில் உளுந்தங்களி, அதை இந்திரகனியிடம் கொடுத்தனுப்பினாள். நாங்கள் மனம் நிறைந்து வீட்டுக்கு வந்தோம். அந்தக் கொண்டாட்டத்தில் நாங்கள் உரித்தது ஒரு மேட்டின் முழுத் தோல்.

ஆனி பிறந்ததும் கச்சான் வந்தது. வழக்கமாக வருகிற காற்றுதான், அது ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை. முதல் வாரம் சோற்றில் நறநறப்பு, இரண்டாம் வாரம் கதவைத் திறந்தால் முழங்கால் அளவு மணல், மூன்றாம் வாரம் மேலத்தெருக் கிணற்றின் உறை தெரியவில்லை. வைகுண்டமணியின் முருங்கைத் தோட்டம் உச்சிக் கொப்பு மட்டும் வெளியே தெரிய நின்றது, எட்டிப் பறிக்க வேண்டிய காயைக் குனிந்து பறித்தார். ஆடி அமாவாசைக்குள் பள்ளிக்கூடத்தின் ஒரு சுவர் சரிந்தது. மேலத்தெருவில் பதினான்கு வீடு ஆளில்லாமல் போனது, அதில் ஒன்று இந்திரகனியின் வீடு. அந்தப் பகல்களில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம், கண்ணில் மண் என்று துடைத்துக்கொள்வோம். வடிவின் காலடி மட்டும் நாள் தவறாமல், அந்தக் காற்றிலும், இன்னும் மேற்கே ஒன்று விழுந்துகொண்டிருந்தது.

அடுத்த வருஷம் கச்சானுக்கு முன்னால், வைகாசியில், ஊர்க்கூட்டம் போட்டோம். உடைமரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்தோம். வைகுண்டமணி எழுந்து நின்றார், லிங்கக்கனி முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“டிராக்டர் சொல்லியிருக்கு. அந்த வழி முழுக்க நிரத்திட்டு, ஓலை போட்டு மூடி, சுத்தி வேலி கட்டிரலாம்னு இருக்கோம். பூசாரியக் கூப்பிட்டு மந்திரிச்சுக் கட்டவும் செய்யணும், இனி அடி விழாதபடிக்கு. மைனி, ஒங்களுக்கு மனசு சங்கடமாத்தான் இருக்கும். இந்தக் கச்சானுக்குக் கீழத்தெருவும் போச்சுன்னா நாம எங்க போறது?”

லிங்கக்கனி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். ஏழு வருஷத்தில் அவள் எங்கள் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை.

“எம்மவ வச்சது ஒரு நாளைக்கு ஒத்த அடி அண்ணாச்சி. ஊர உரிச்சது அவளா? பந்தக்கால் நட்டது அவளா? வேன் ஏத்துனது அவளா?”

அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்த ஒற்றை அடி விழுகிறவரை நாங்கள் பார்க்கப் போவதை நிறுத்த மாட்டோம் என்பதும் எங்களுக்குத் தெரிந்திருந்தது, அவளுக்கும் தெரிந்திருந்தது, அதனால்தான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளையைக் கட்டிப் போட்டால் ஊர் இருக்கும், நடக்க விட்டால் ஊர் இருக்காது. ஒரு தாயிடம் இதைக் கேட்கிறோமே என்று எங்களுக்கு வெட்கமாக இருந்தது, கேட்காமல் இருக்கவும் வழியில்லை.

அப்போது இந்திரகனி எழுந்தாள். பதினான்கு வயது, பாவாடை தாவணி. ஊர்க்கூட்டத்தில் பெண்பிள்ளைகள் பேசுவதில்லை, ஆனால் வீட்டை மணலுக்குக் கொடுத்தவளை உட்கார் என்று சொல்ல யாருக்கும் நாக்கு வரவில்லை.

“சித்தி, அவ எங்கயும் போகல. நீங்க போகச் சொன்னிய, அதான் போறா. நான் அவளுக்குப் பின்னாலதான நின்னேன், கேட்டுட்டுதான இருந்தேன். எறங்கினவ அப்பிடியே போ, எனக்குப் பொறத்தால வராதன்னு சொன்னிய. அவ சொன்ன பேச்சுக் கேக்குத பிள்ளைல்லா சித்தி. திரும்பி வான்னு இன்னும் யாரும் சொல்லலியே.”

எங்களுக்கு எல்லாம் அந்தப் பங்குனி உத்திரம் அப்படியே ஞாபகம் வந்தது, பானை, பழம், அறை, அந்த வார்த்தை. லிங்கக்கனிக்கு ஞாபகம் வர வேண்டியிருக்கவில்லை. ஏழு வருஷமாகத் தடத்தில் நின்று அவள் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான்.

“கூப்பிட்டா வருவாளாட்டி?” என்றாள். “என்னத்தச் சொல்லிக் கூப்பிட? அடிச்சிருக்கக் கூடாது. அந்தக் கொல்லாம்பழத்தத் தின்னுட்டு வாட்டின்னு சொல்லியிருக்கணும். பழத்தக்கூட அவ திங்கலியே.”

சொல்லிவிட்டு உரக்க அழுதாள், பதினாறு நாளும் அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள். வைகுண்டமணி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். டிராக்டர் ஒரு நாள் கழித்து வரட்டும் என்று சைமன் சொன்னார், அவர் எங்கள் ஊரே இல்லை, இருந்தாலும் அது அப்படியே முடிவாயிற்று.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் லிங்கக்கனி கொல்லாமரத்தருகே வந்தாள், நாங்கள் அவளுக்குப் பின்னால் தடத்தில் ஒற்றை வரிசையில் நின்றோம், ஒருத்தர்கூட இறங்கவில்லை. அவள் இறங்கினாள். மகளின் முதல் காலடியில் தன் காலை வைத்தாள், ஏழு வயதுக் கால், அவளுடைய முன்பாதம் மட்டும்தான் அதில் அடங்கியது, அதனால் நுனிக்காலிலேயே நடந்தாள். இரண்டாவது, மூன்றாவது, பதினொன்று, பன்னிரண்டு. முதல் இருநூறு அடிக்கு எட்டு மிகக் குறுகலாக இருந்தது, தடுமாறினாள், பிறகு அடிகள் கொஞ்சம் கொஞ்சமாக அகன்றன, குதிகாலும் படிய ஆரம்பித்தது, வருஷம் வருஷமாகத் தன் பிள்ளை வளர்ந்ததைக் காலால் தொட்டுத் தொட்டு அறிந்துகொண்டே போனாள். காற்று கலைத்த அடிகளில் நின்று, குனிந்து, கையால் தடவிக் கண்டுபிடித்து வைத்தாள். கொலுசு கிடந்த இடத்தில் அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். மேட்டில் ஏறியபோது அவள் மகளின் காலும் அவள் காலும் ஒரே அளவாக இருந்ததாம், பிறகு மகளுடையது பெரிதாம், இதெல்லாம் அவளே பின்னால் சொன்னது. மேட்டைத் தாண்டி அவள் மறைந்ததும் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, நாங்கள் காத்திருந்தோம்.

இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் அடி. கடைசி அடிக்கு முந்திய அடியில் போய் நின்றாள். முன்னால் அன்றைய காலடி, விளிம்பு உதிராமல், புதிதாக. அதற்கு அந்தப் பக்கம் உடையாத பொருக்கு கண்ணெட்டும் தூரம்வரை கறுப்பாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் அந்தக் காலடியைப் பார்த்தாள், பெருவிரல் விலகிய கால், மாமியார் கால். பிறகு நின்ற இடத்திலேயே, வேறெங்கும் கால் படாமல், அந்தக் காலடிக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றாள். இப்போது வரிசையில் அவள் முன்னால், பிள்ளை பின்னால்.

“எனக்குப் பொறத்தால வாட்டி” என்றாள். “எந்தடத்துலயே மிதிச்சு வா. வீட்டுக்குப் போவோம்.”

அவள் மேட்டின் மேல் தெரிந்தபோது உச்சி வெயில். தலையை நேராக வைத்து, கண்ணை எங்கள் மேல் நிறுத்தி, வந்த அடிகளிலேயே ஒன்று தவறாமல் மிதித்து வந்தாள், முதலில் அகல அகலமாக, வரவரக் குறுகலாக. பின்னால் யாராவது வருகிறார்களா என்று நாங்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். சிவப்பு மணலும் வெயிலும்தான் தெரிந்தன. வைகுண்டமணி மட்டும் தான் நின்ற இடத்திலிருந்து பின்வாங்கி, லிங்கக்கனி ஏறுவதற்கு இடம் விட்டவர், அவள் ஏறிய பிறகும் இன்னோர் ஆள் நிற்கிற அளவுக்கு இடத்தை அப்படியே விட்டு நின்றார்.

மறுநாள் புது அடி விழவில்லை. பதினேழாம் நாளும் விழவில்லை. டிராக்டரைத் திருப்பி அனுப்பினோம், இருந்த அடிகளுக்கும் நாங்கள் உரித்த இடம் முழுவதற்கும் ஓலை போட்டோம், வேலி கட்டினோம், நல்ல பொருக்கிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவு கிள்ளியெடுத்து அரிசி கழுவிய தண்ணீரில் கரைத்துத் தெளித்தோம். அந்த ஆடியில் கீழத்தெருவில் ஒன்பது வீடு போனது, அதற்கடுத்த ஆடியில் இரண்டு, அதற்குப் பிறகு மண் நின்றது. போன வீடுகள் போனதுதான். மணலுக்குக் கீழே பள்ளிக்கூடத்தின் மணி இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறோம்.

அது நடந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. முதல் பதினோரு அடியும் இப்போது மூடிவிட்டது, எந்த இடம் என்று லிங்கக்கனியால் மட்டும்தான் காட்ட முடியும். பங்குனி உத்திரத்துக்கு நாங்கள் மறுபடி ஒற்றை வரிசையில்தான் போகிறோம். லிங்கக்கனி எப்போதும் கடைசியில் வருவாள், அவளுக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை, புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ரொம்ப நாள் அவள் குட்டையாக எட்டு வைத்து நடந்துகொண்டிருந்தாள், பிறகு ஒரு வருஷம் என்ன நினைத்தாளோ, எட்டை அகலமாக்கிக்கொண்டாள், கிழவிக்கு இது எதற்கு என்று கேட்டதற்குப் பிள்ளை என்னைவிட உசரம் என்றாள். கொல்லாமரத்தருகே வந்ததும் முன்கூட்டியே பறித்து மடியில் வைத்திருக்கிற ஒரு பழத்தை எடுத்துத் தன் காலடியிலேயே வைத்துவிட்டு மேலே நடப்பாள். திரும்பி வரும்போது பழம் இருக்காது, அணில் என்கிறார் வைகுண்டமணி, நாங்கள் மறுத்துப் பேசுவதில்லை.

போன பங்குனிக்கு இந்திரகனி தன் இரண்டு பிள்ளைகளோடு அவளுக்கு நேர் முன்னால் நடந்துகொண்டிருந்தாள். பழம் வைத்த இடம் தாண்டியதும் முகத்தைத் திருப்பாமலேயே கேட்டாள்.

“சித்தி, இத்தன வருசம் ஆச்சு. ஒரே ஒரு தடவ திரும்பிப் பாத்தா என்ன? வாராளா இல்லியான்னு தெரிஞ்சிரும்லா?”

லிங்கக்கனி நடந்துகொண்டேதான் பதில் சொன்னாள்.

“வேண்டாம்ட்டி. நான் திரும்புனா, அடிக்கத்தான் திரும்புதேன்னு நெனச்சு நின்னுருவா.”

சொல்லிவிட்டு அடுத்த அடியை அகலமாக எடுத்து வைத்தாள்.